என் ரத்தத்தை எனக்கே வித்த கதை

எலும்பு கடிக்கப் போய் பல்லு போச்சு, அந்த பல்லுக்காக இப்போ எலும்பு வளர்த்துட்டு இருக்கேன், எங்கம்மா இதுக்கு பேரு கர்மான்னு சொல்றாங்க. சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்ல ஒரு ஞாயித்துக்கிழமை பிரியாணி, கூட வந்த நல்லி எலும்பை விடாம கடிச்சதுல கீழ் இடது பக்கம் கடைவாய்ப்பல்லு டக்குன்னு ஒரு சத்தம். ஏற்கனவே ரூட் கெனால் பண்ணி கவசம் போடாம விட்ட பல்லு அது, நெட்டுக்கு விரிசல் விட்டுருச்சு. எடுத்தாச்சு. அப்போவே டென்டிஸ்ட் சொன்னாங்க, ரொம்ப நாள் சும்மா விடாதீங்கன்னு. நான் அப்போ தெங்கா பிடிஓ அடுக்குமாடி வீடு கட்டுற சைட்ல காலைல ஏழு மணிக்கு டூல்பாக்ஸ் மீட்டிங், ராத்திரி கான்கிரீட் காஸ்டிங், இதுல எங்க பல்லு. ரெண்டு வருஷம் ஓடிருச்சு.

பல்லு இல்லாத எடத்துல எலும்புக்கு வேலை இல்ல, வேலை இல்லாதவனை வச்சுக்க உடம்பு தயாரா இல்ல. பல்லு எடுத்த முதல் வருஷத்துலயே அந்த எடத்து எலும்போட அகலம் கிட்டத்தட்ட பாதி போயிடுமாம், அதுலயும் மூணுல ரெண்டு பங்கு சேதாரம் முதல் மூணு மாசத்துலயே. எனக்கு ஸ்கேன் எடுத்து காட்டுனப்போ கன்னத்துப் பக்கம் எலும்பு கத்தி முனை மாதிரி இருந்துச்சு. நம்ம பாஷைல சொன்னா, 300 மில்லி சுவரு இருக்க வேண்டிய எடத்துல 150 தான் இருக்கு, இதுல ஆங்கர் போல்ட் அடிச்சா ஒரு பக்கம் வெளிய தெரியும்.

முதல்ல போன கிளினிக் பேரு வேண்டாம். ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு ஒரு லேமினேட் பண்ண அட்டையை நீட்டுச்சு, இம்பிளான்ட், அதாவது பல்லு வேருக்குப் பதிலா எலும்புல திருகுற டைட்டானியம் ஸ்க்ரூ, இவ்வளவு, எலும்புத் தூள் இவ்வளவு, அதுக்கு கீழ தங்கக் கலர்ல "கிரோத் ஃபேக்டர் பேக்கேஜ்" 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). போட்டா பாதி நாள்ல ஆறிடும்னு சொன்னாங்க. எது ஆறும், எந்த கிரோத் ஃபேக்டர், எவ்வளவு போடுவீங்கன்னு கேட்டேன், டாக்டர் சொல்வார்னாங்க, டாக்டர்கிட்ட கேட்டா நர்ஸ் சொல்வாங்கன்னாரு. நான் இருபது வருஷமா சைட்ல இருக்கேன், சிமென்ட்ல கலக்குற அட்மிக்ஸர் விக்கிறவன்கிட்ட கூட டேட்டா ஷீட் கேக்குற ஆளு. அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து படிக்க உக்காந்தவன்தான், ரெண்டு மாசம் படிச்சேன்.

படிக்கப் படிக்க எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. கிரோத் ஃபேக்டர்ங்கிறது செங்கல்லும் இல்ல சிமென்டும் இல்ல. அது ஒரு வாய் வார்த்தை, ஒரு ஆர்டர். குட்டிக் குட்டி புரதம், செல்லோட வெளிச்சுவர்ல இருக்குற ஒரு பூட்டுல போய் உக்காந்து "நீ இங்க வா", "நீ பெருகு", "நீ இனிமே எலும்பு கட்டுறவன்"னு சொல்லிட்டு கரைஞ்சு போயிடும். பல ஃபேக்டர் ரத்தத்துல ரொம்ப நேரம் தாங்காது. ஃபோர்மேன் வாக்கிடாக்கில கத்துற மாதிரின்னு வச்சுக்கோங்க. கத்துற நேரத்துல கத்தணும், கேக்குற ஆளு சைட்ல இருக்கணும், லாரி வர ரோடு இருக்கணும். ஆள் இல்லாத சைட்ல நீங்க எத்தனை வாக்கிடாக்கி வாங்கி வச்சு என்ன பிரயோஜனம்?

இம்பிளான்ட் போட்ட அன்னைக்கு என்ன நடக்குதுன்னா, டிரில் போட்ட ஓட்டைல ரத்தம் நிரம்பி உறைஞ்சிடும். அந்த உறைகட்டில இருக்குற பிளேட்லெட் தட்டணுக்கள் வெடிச்சு உள்ள பொட்டலம் கட்டி வச்சிருந்த சாமானை கொட்டும், அதுல பிடிஜிஎஃப் இருக்கும், டிஜிஎஃப்-பீட்டா இருக்கும், விஇஜிஎஃப் இருக்கும், எல்லாம் கிரோத் ஃபேக்டர் வகைதான். பிடிஜிஎஃப் தான் முதல் சங்கு, அதைக் கேட்டு ரிப்பேர் செல்லெல்லாம் ஓடி வரும். விஇஜிஎஃப் புது ரத்தக்குழாய் இழுத்துட்டு வரும், எந்த சைட்லயும் முதல்ல ஆக்சஸ் ரோடு போடுற மாதிரி. நடுவுல மேக்ரோஃபேஜ்னு ஒரு வெள்ளணு குப்பை அள்ளும், அள்ளி முடிச்சு குணம் மாறி அதுவே கட்டுறவங்களுக்கு ஆர்டர் போட ஆரம்பிக்கும். அதுக்கப்புறம்தான் பிஎம்பி, எலும்பு கட்டுறதுக்கான நேரடி உத்தரவு, இன்னும் என்ன ஆகலாம்னு முடிவு பண்ணாத ஸ்டெம் செல்லைப் பிடிச்சு ஆஸ்டியோபிளாஸ்டா, அதாவது எலும்பு கட்டுற செல்லா மாத்துறது. முதல் ரெண்டு வாரத்துல அவசரத்துக்கு பின்னின கூடை மாதிரி ஒரு எலும்பு வரும், அதை மாசக்கணக்குல பிரிச்சு பிரிச்சு அடுக்கடுக்கான நல்ல எலும்பா மாத்துவாங்க.

எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், இந்த பிஎம்பி, டிஜிஎஃப்-பீட்டா, ஐஜிஎஃப்னு இன்னொரு ஃபேக்டர் எல்லாம் எலும்புக்குள்ளயே ஏற்கனவே புதைச்சு வச்சிருக்கு. பழைய எலும்பை ஆஸ்டியோகிளாஸ்ட்ங்கிற செல் அரிக்கிறப்போ இது வெளிய வரும், வந்து புது எலும்புக்கு ஆர்டர் குடுக்கும். மருத்துவச் செலவுக்குன்னு சம்பளத்துல பிடிச்சு வைக்கிற நம்ம மெடிசேவ் மாதிரி, உன் காசுதான், ஆனா அதுக்குன்னு ஒரு சந்தர்ப்பம் வராம எடுக்க முடியாது.

இதைக் கண்டுபிடிச்சது அமெரிக்காவுல மார்ஷல் யூரிஸ்ட்னு ஒரு எலும்பு டாக்டர். எலும்பை ஆசிட்ல ஊறப்போட்டு சுண்ணாம்பு சத்தெல்லாம் எடுத்துட்டு, மிச்ச சக்கையை முயலோட தசைக்குள்ள வச்சாரு. தசைக்குள்ள! அங்க எலும்பு முளைச்சுச்சு. 1965ல வெளியிட்டாரு. அதே 1965ல ஸ்வீடன்ல பெர்-இங்வார் பிரானமார்க் முதல் மனுஷனுக்கு டைட்டானியம் இம்பிளான்ட் போட்டாரு, அவரும் 1950கள்ல முயல் கால்ல டைட்டானியம் குழாய் வச்சு ரத்த ஓட்டம் பாக்கப் போய், கழட்ட முடியாம எலும்போட ஒட்டிக்கிட்டதைப் பாத்துதான் இதுக்குள்ள வந்தவரு. ரெண்டு பேரும் முயலுக்குத்தான் நன்றி சொல்லணும். 1965ல நம்ம சிங்கப்பூரும் பொறந்துச்சு, இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா எனக்கு அந்த வருஷத்தை மறக்காம இருக்க இது ஒரு வழி.

அந்த முதல் பேஷன்ட் யோஸ்டா லார்ஸன் 2006ல இறக்குற வரைக்கும் நாப்பது வருஷத்துக்கு மேல அந்த இம்பிளான்ட்லதான் சாப்பிட்டாரு. அவருக்கு யாரும் பேக்கேஜ் போடல. பிரானமார்க் சொன்ன கணக்கு கீழ்த்தாடைக்கு மூணு மாசம், மேல்தாடைக்கு ஆறு மாசம், மூடி வை, தொடாதே, அவ்வளவுதான். அவரு வாய்க்குள்ள இருந்த கிரோத் ஃபேக்டர் எல்லாம் அவரோடதே. இதைப் படிச்ச அன்னைக்கே எனக்கு அந்த தங்கக் கலர் அட்டை மேல பாதி நம்பிக்கை போயிடுச்சு.

அப்போ வெளிய இருந்து போடவே முடியாதான்னா, முடியும். ஆய்வகத்துல தயாரிச்ச பிஎம்பி-2 இருக்கு, கொலாஜன் ஸ்பான்ஜ்ல நனைச்சு வைப்பாங்க. அமெரிக்காவுல 2002ல முதுகெலும்புக்கு அனுமதி குடுத்தாங்க, 2007ல தாடைக்கு, சைனஸ் பக்கத்துல எலும்பு ஏத்துறதுக்கும் பல்லு எடுத்த குழியை நிரப்புறதுக்கும். பிடிஜிஎஃப் 2005லயே ஈறு பக்கத்து எலும்பு ஓட்டைக்கு வந்துருச்சு. வேலை செய்யுதா, செய்யுது, எலும்பு வருது. ஆனா டோஸைப் பாருங்க. உடம்புல ஒரு கிலோ எலும்பை அரைச்சு எடுத்தாலும் பிஎம்பி மைக்ரோகிராம் கணக்குலதான் தேறும். அந்த ஸ்பான்ஜ்ல ஊத்துறது ஒரு மில்லிக்கு 1.5 மில்லிகிராம், அதாவது 1500 மைக்ரோகிராம். ஏன் இவ்வளவுன்னா, ஸ்பான்ஜ்ல இருந்து சீக்கிரமே கசிஞ்சு ஓடிடும், அதனால வெள்ளமா ஊத்தி, மிச்சம் நிக்கிறது நின்னா போதும்னு ஒரு கணக்கு. வெள்ளத்துக்கு விலை உண்டு, முகம் பூசணிக்கா மாதிரி வீங்கும். கழுத்து எலும்புல இதைப் போட்டு தொண்டை வீங்கி மூச்சு விட முடியாம ஆனவங்க இருந்ததால 2008ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ எச்சரிக்கையே விட்டாங்க. தாடை முழுக்க கரைஞ்சு போனவங்களுக்கு, விபத்துல எலும்பு போனவங்களுக்கு இது வரம். ஒரே ஒரு கடைவாய்ப்பல்லுக்கு இது கொசுவுக்கு கிரேன் புக் பண்ற வேலை.

ரெண்டாவதா போன டென்டிஸ்ட் ஒரு சீனப் பெண்மணி, அம்பது வயசு இருக்கும், ரொம்ப பேச மாட்டாங்க. ஸ்கேனைப் பாத்துட்டு முதல் கேள்வி, "சுகர் இருக்கா?" அட்டை கிட்டை ஒண்ணும் நீட்டல. என் எச்பிஏ1சி, அதாவது சுமார் மூணு மாச சர்க்கரையோட சராசரி கணக்கு, அப்போ 8.4. ஏழு பக்கம் கொண்டு வாங்க, அதுக்கப்புறம் பேசலாம்னு அனுப்பிட்டாங்க. எனக்கு கோவம்தான் வந்துச்சு, காசு குடுக்க ரெடியா இருக்குற கஸ்டமரை திருப்பி அனுப்புறாங்களேன்னு. அப்புறம்தான் புரிஞ்சுது, சர்க்கரை ஏறிக் கிடக்குற உடம்புல குட்டி ரத்தக்குழாய் சரியா முளைக்காது, சர்க்கரை ஒட்டின புரதம் எல்லா எடத்துலயும் படிஞ்சு கெடக்கும், அந்த குப்பை அள்ளுற மேக்ரோஃபேஜ் குணம் மாறாம சண்டை போட்டுக்கிட்டே நிக்கும். ஆர்டர் குடுக்குறவன் குடுத்துட்டுதான் இருப்பான், கேக்க ஆள் இல்ல. 600 வெள்ளி பேக்கேஜால சரி பண்ண முடியாததை தே தாரிக்கை, அந்த இனிப்பு பால் டீயை, நிறுத்தினா சரி பண்ணலாம்னா எது மலிவு? சீனரை விட நம்ம ஆளுங்களுக்கு இங்க சுகர் அதிகம்னு எல்லாருக்கும் தெரியும், 2016ல அரசாங்கம் நீரிழிவு மேல போரே அறிவிச்சுது, இருந்தாலும் நம்ம கல்யாண வீட்டுல கேசரி குறையுதா? நாலு மாசம் சக்கரை இல்லாத கட்டன் டீ, தே ஓ கோசோங் குடிச்சேன், பிளாக்கைச் சுத்தி ராத்திரி நடந்தேன், பலதுறை மருந்தகத்துல மாத்திரையும் மாத்திக் குடுத்தாங்க. 7.1 வந்துச்சு. சிகரெட் நான் பிடிக்கிறதில்ல, பிடிக்கிறவங்களுக்கு இம்பிளான்ட் தோக்குற வாய்ப்பு ரெண்டு மடங்கு கிட்ட, நிக்கோட்டின் குழாயை இறுக்கிப் பிடிச்சுக்கும், சைட்ல என் கூட ஸ்மோக்கிங் கார்னர்ல நிக்கிறவங்க இதைப் படிங்கப்பா.

அடுத்த சிக்கல் எலும்புத் தூள். எலும்பு பத்தாத எடத்துல ஒரு தூள் வைக்கணும், அது மேல ஒரு மெம்பிரேன், அதாவது சவ்வு மாதிரி ஒண்ணு மூடணும். உலகம் முழுக்க நிறைய பேருக்கு போடுறது மாட்டு எலும்புத் தூள், சுட்டு சுத்தம் பண்ணி புரதமெல்லாம் எடுத்தது, மெம்பிரேன் நிறைய பன்னியோட கொலாஜன். இதை சைட்ல என் கூட லிஃப்டிங் சூப்பர்வைசரா இருக்குற மலாய் நண்பர்தான் முதல்ல சொன்னாரு, "கேட்டுக்கோ லா, கேக்கலைன்னா அவங்களா சொல்ல மாட்டாங்க"ன்னு. அவரு அதுக்கு முன்னாடி வருஷம் இதே பாடு பட்டவரு. நான் வீட்டுல அம்மாகிட்ட வாய் தவறி சொல்லிட்டேன்.

"ஆட்டு எலும்பைக் கடிச்சு பல்லை உடைச்சுட்டு மாட்டு எலும்பை வாயில வச்சுக்கப் போறியாடா நீ?"

நாங்க ஆடு கோழி சாப்பிடுவோம், மாடு வீட்டுக்குள்ள வராது. அறிவியலா பாத்தா அது வெறும் கனிமம்தான், உப்பு மாதிரி, நான் அம்மாகிட்ட சொல்லிப் பாத்தேன், அம்மா சாமி ரூமுக்குள்ள போயிட்டாங்க, அது எங்க வீட்டுல பேச்சு முடிஞ்சதுக்கு அடையாளம். டென்டிஸ்ட்கிட்ட தயங்கித் தயங்கி கேட்டா, அவங்க சாதாரணமா, சிந்தெடிக் இருக்கு, கால்சியம் பாஸ்பேட்ல பண்ணது, உங்க ஓட்டை சின்னது, அதுவே போதும்னாங்க. மாட்டுத் தூள் மெதுவா கரையும், வடிவத்தை ரொம்ப நாள் பிடிச்சு வைக்கும், சிந்தெடிக்ல சில வகை சீக்கிரம் கரைஞ்சிடும், அந்த வித்தியாசம் இருக்கு. மெம்பிரேனுக்கு பதிலா உங்க ரத்தத்துலயே பண்ணலாம்னாங்க. அதுதான் பிஆர்எஃப், பிளேட்லெட் ரிச் ஃபைப்ரின்.

அம்மாகிட்ட வந்து சொன்னேன், என் ரத்தத்தையே எடுத்து சுத்தி என் வாயிலயே வைப்பாங்க, 250 வெள்ளின்னு.

"உன் ரத்தத்தை உனக்கே விக்கிறாளா? நல்ல யாவாரம்."

பிஆர்எஃப் 2001ல பிரான்ஸ்ல ஜோசஃப் ஷூக்ரூன்னு ஒரு டாக்டர் கொண்டு வந்தது. அதுக்கு முன்னாடி 1990கள்ல பிஆர்பி, பிளேட்லெட் ரிச் பிளாஸ்மான்னு ஒண்ணு வந்துச்சு, அதுல ரத்தம் உறையாம இருக்க மருந்து கலந்து, சுத்தி, அப்புறம் உறைய வைக்க மாட்டு த்ராம்பின் ஊத்துவாங்க, பாருங்க அதுலயும் மாடு. பிஆர்எஃப்ல ஒண்ணும் கலக்குறது இல்ல. கைல பத்து பத்து மில்லியா நாலு டியூப் எடுத்தாங்க, எடுத்த கையோட அசிஸ்டென்ட் ஓடுறாங்க, ஏன்னா உறையுறதுக்குள்ள மெஷின்ல போட்டாகணும், பத்து பன்னண்டு நிமிஷம் சுத்துனா மூணு அடுக்கா பிரியும், மேல வெளிர் மஞ்சத் தண்ணி, அடியில சிவப்பணு, நடுவுல ஜெல்லி மாதிரி ஒரு கட்டி. அதுதான் சாமான், ரத்தம் உறையுறப்போ உருவாகுற ஃபைப்ரின் வலைக்குள்ள பிளேட்லெட்டும் வெள்ளணுவும் மாட்டிக்கிட்டு நிக்கும். அதை ஒரு சின்ன ஸ்டீல் பெட்டில வச்சு அமுக்குனா தோல் மாதிரி ஆயிடும், ரெண்டை நறுக்கி தூளோட பிசைஞ்சாங்க, ரெண்டை மேல போர்த்தினாங்க. பிஆர்பி முதல் சில மணி நேரத்துலயே சாமானை கொட்டிடும், இது வலைக்குள்ள இருந்து ஒரு வாரம் பத்து நாள் மெதுவா கசிய விடும், நான் ஒத்துக்கிட்டதுக்கு காரணமே அதுதான். தினமும் கொஞ்சம் கொஞ்சமா கியூரிங் தண்ணி தெளிக்கிற மாதிரி.

டிரில் போடுறப்போ ஒரு விஷயம் பாத்து சிரிச்சேன், அவங்களுக்கு ஏன்னு புரியல. சலைன் தண்ணியை பீச்சிக்கிட்டே மெதுவா டிரில் பண்றாங்க, நாங்க சுவர்ல கோரிங் போடுறப்போ தண்ணி விடுற மாதிரியே. எலும்பு 47 டிகிரி சூட்டுல ஒரு நிமிஷம் இருந்தா செத்துடுமாம், செத்த எலும்புல எந்த ஃபேக்டரும் வேலைக்காகாது. கடைசில டார்க் ரென்ச், எவ்வளவு இறுக்குறோம்னு அளக்குற ஸ்பேனர், 35 நியூட்டன் சென்டிமீட்டர். நான் ஆங்கர் போல்ட் டெஸ்ட் பண்ற ஆளு, என் வாயில ஒருத்தங்க டார்க் செக் பண்றாங்க.

மூணாவது வாரம்தான் தப்பு பண்ணேன். வலி சுத்தமா இல்ல, வீக்கம் வத்திடுச்சு, காப்பிக்கடையில அந்தப் பக்கமே வச்சு வறுத்த கச்சான், அதான் வேர்க்கடலை, கொறிச்சேன். ரிவ்யூல அதை பெருமையா வேற சொன்னேன். அந்தம்மா கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, எங்க ஸ்கூல் டிசிப்ளின் மாஸ்டர் ஞாபகம் வந்துச்சு. விஷயம் என்னன்னா, கான்கிரீட் ஊத்துனா பலம் ஏறிக்கிட்டேதான் போகும், ஏழு நாள்ல இவ்வளவு, 28 நாள்ல இவ்வளவு, கியூப் உடைச்சுப் பாத்தா தெரியும், என்னைக்கும் நேத்தைவிட இன்னைக்கு கெட்டி. எலும்பு அப்படி இல்ல. முதல் நாள் இருக்குற பிடிப்பு வெறும் ஸ்க்ரூ பிடிப்பு, பழைய எலும்பு இறுக்கிப் பிடிக்கிறது. அந்த நசுங்குன பழைய எலும்பை ஆஸ்டியோகிளாஸ்ட் வந்து அரிச்சு எடுக்கும், அரிச்ச எடத்துல புதுசு இன்னும் வந்திருக்காது. மூணு நாலு வாரத்துல இம்பிளான்ட்டோட மொத்த பிடிப்பு முதல் நாளை விட கம்மி. சைட்ல எங்கயாவது பழைய தூணை இடிச்சுட்டு புது தூண் வர்றதுக்கு முன்னாடி லோட் ஏத்துவோமா? நமக்கு வலி இல்ல, அதனால ஆறிடுச்சுன்னு நினைக்கிறோம், ஆனா உள்ள அந்த நேரத்துலதான் மோசம். இம்பிளான்ட் நூறு மைக்ரானுக்கு மேல ஆடுச்சுன்னா, அதாவது ஒரு முடி தடிமன், வந்த செல்லெல்லாம் எலும்பு கட்டுறதை விட்டுட்டு நாரா கட்டிட்டுப் போயிடும், பிஎம்பி இருந்தாலும் இல்லாட்டியும்.

பிஆர்எஃப் மாதிரி சமாச்சாரம் உதவுதுன்னா இந்த பள்ளத்துலதான் கொஞ்சம் உதவும் போல. ஆய்வுகளை சேத்து வச்சுப் பாத்தவங்க, முதல் சில வாரத்துல பிடிப்பு எண் கொஞ்சம் கூட இருக்கு, ஈறு அழகா மூடுது, வலி கம்மிங்கிறாங்க. மாசங்கள் போகப் போக போட்டவனும் போடாதவனும் ஒரே எடத்துக்கு வந்து நிக்கிறாங்க. "பாதி நாள்ல ஆறிடும்"ங்கிறதுக்கு அதுல எடமே இல்ல. நான் 250 வெள்ளி குடுத்தது எனக்கு வருத்தம் இல்ல, குடுத்தது மாட்டையும் பன்னியையும் தாண்டி அம்மா முகத்தைப் பாக்கத்தான்னு எனக்கே தெரியும், எலும்பு சீக்கிரம் வரும்னு குடுக்கல.

போன மாசம், அஞ்சாவது மாசம், ஈறைத் திறந்து பாத்தாங்க. இம்பிளான்ட் மேல ஒரு குட்டி காந்தக் குச்சியை திருகி, பேனா மாதிரி ஒரு கருவியை பக்கத்துல காட்டுனா அது அதிரும், அதிர்வை வச்சு ஐஎஸ்கியூன்னு ஒரு எண் வரும், 100க்கு. போட்ட அன்னைக்கு 66. இப்போ 75. எழுவதைத் தாண்டினா நல்ல பிடிப்புன்னு கணக்கு. கன்னத்துப் பக்கம் வச்ச தூள் எலும்போட சேந்து கெட்டியா இருந்துச்சுன்னு போட்டோ எடுத்துக் காட்டுனாங்க, வெள்ளை மணல் மணலா, நடுவுல சிவப்பா புள்ளி புள்ளியா ரத்தம். நான் அதை வீட்டுல காட்ட, சாப்பிடுற நேரத்துல எதைக் காட்டுறான் பாருன்னு அம்மா திட்டு.

அடுத்த வாரம் கிரவுன், அதாவது இம்பிளான்ட் மேல வைக்கிற பல்லு. ஆபரேஷன் செலவுல ஒரு பங்கை மெடிசேவ்ல எடுத்தாச்சு, கிரவுனுக்கு அது கிடையாது, கையில இருந்துதான். அம்மா இப்போவே முறுக்கு பிழியுற அச்சை எடுத்து கழுவி வச்சுட்டாங்க. டென்டிஸ்ட்கிட்ட முறுக்கு எப்போ சாப்பிடலாம்னு கேட்டேன், சிங்கப்பூர்ல முறுக்குன்னா என்னன்னு தெரியாத சீனர் யாரு, அவங்களே பாக்கெட் பாக்கெட்டா வாங்குவாங்களாம், அந்தப் பக்கம் ஒரு மாசத்துக்கு நினைச்சுக் கூட பாக்காதேன்னுட்டாங்க. வலது பக்கம் சாப்பிடலாமான்னு கேக்க மறந்துட்டேன்.